கையொப்பத்தைக் கடைசியாகப் பார்

அன்புள்ள நந்தினி,

பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக வாங்கு. ஆனால் எல்லாரும் முதலில் பார்க்கும் கையொப்பத்தை நீ கடைசியாகப் பார்.

எழுத்து ஒத்திருப்பதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸோலா தலையிட்ட வழக்கே சாட்சி. 1894-இல் ட்ரேஃபுஸ் என்ற ராணுவ அதிகாரியை உளவாளி என்று பிடித்தார்கள். சிக்கிய கடிதம் அவர் எழுதியதே என்று சொன்னவர்களில் எத்தியேன் ஷரவேயும் ஒருவர். பழங்கடித வியாபாரத்தில் பேர்போன குடும்பம் அவருடையது. 1899-இல் ரென் நகர விசாரணையில் அவரே தன் முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டார். தேர்ந்த கண்ணுக்கே அந்தக் கதி!

அதனால் முதலில் தேதியையும் ஊரையும் பார். ஸோலா 1878-இல் மெதானில் வீடு வாங்கினார். பல கடிதங்களின் தலைப்பில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். ட்ரேஃபுஸுக்காக 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்ற பகிரங்கக் கடிதத்தை எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டு, 1898 ஜூலையில் லண்டனுக்குத் தப்பினார். அங்கே ஓட்டலில் 'பாஸ்கல்' என்று பெயர் கொடுத்தார். 1899 ஜூனில்தான் திரும்பினார். 1898 டிசம்பரில் மெதானிலிருந்து எழுதியதாக ஒரு கடிதம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடு.

அடுத்து, விஷயத்தைப் படி; எழுதியவருக்குப் பொருந்துகிறதா என்று யோசி. அப்படி யோசிக்காமல் ஏமாந்தவர் மிஷேல் ஷால் என்ற பெரிய கணித மேதை. விரேன் லூக்கா என்பவன் அவர் தலையில் ஆயிரக்கணக்கான போலிக் கடிதங்களைக் கட்டினான். அவற்றில் கிளியோபாட்ரா பிரெஞ்சில் எழுதியதும் உண்டு! 1870-இல் அவனுக்கு இரண்டாண்டு சிறை.

ஸோலாவின் கடிதங்கள் 1978 முதல் பத்துத் தொகுதிகளாக வந்துள்ளன. உன் கடிதம் அதில் இருக்கிறதா, மூலம் எங்கே இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள் என்று பார். நூலகத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தால், விற்பவர் கையில் இருப்பது நகலாகவோ திருட்டுப் பொருளாகவோ இருக்கலாம். பூதக்கண்ணாடியும் உதவும்: பேனா அழுந்திய இடத்தில் மை கனத்தும், மற்ற இடத்தில் மெலிந்தும் தெரியும், அச்சு நகலில் ஒரே சீராக இருக்கும்.

வாங்கியபின் லேமினேஷன் செய்யாதே, செலோடேப் ஒட்டாதே, வெயில் படும் சுவரில் மாட்டாதே. அமிலமில்லாத காகித உறையில் வை.

கடிதம் யார் யார் கைமாறி வந்தது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கு. எழுதித் தர மறுத்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா