அணுமின் நிலையத்தில் அமைப்பு மேலாண்மை

பழைய நூலைப் பதிப்பிப்போர் ஆசிரியர் கருத்து, ஏட்டின் எழுத்து, உரைகாரர் கொண்ட பாடம் என்னும் மூன்றும் தம்முள் ஒத்தனவா என ஆராய்வர். ஒவ்வாதவிடத்துப் பாடபேதம் குறிப்பர். அணுமின் நிலையத்திற்கும் இத்தகைய மூன்று உள. பொறியியலார் வகுத்த திட்டம், கட்டி முடித்த நிலையம், அதனை விளக்கும் வரைபடமும் கைந்நூலும் என்பன அவை. இவற்றை எஞ்ஞான்றும் ஒன்றுபட வைத்தலே கான்பிகரேஷன் மேனேஜ்மெண்ட் என்னும் அமைப்பு மேலாண்மையாம்.

இம்முறை அமெரிக்கப் படைத்துறையில் ஏவுகணை செய்வாரிடையே வளர்ந்தது. 1979 மார்ச்சு 28இல் அந்நாட்டுத் திரீ மைல் தீவு நிலையத்தில் விபத்து நேர்ந்தபொழுது, திறந்திருக்க வேண்டிய இரண்டு நீர் வால்வுகள் மூடிக்கிடந்தன. சுமார் 8 நிமிடம் அதனை ஒருவரும் அறிந்திலர். விபத்திற்கு முதற்காரணம் வேறாயினும், நிலையத்தின் மெய்ந்நிலையும் இயக்குவோர் எண்ணமும் வேறுபட்டமை புலனாயிற்று. 2003இல் பன்னாட்டு அணுசக்தி முகமை இம்முறைபற்றித் தனி நூலே வெளியிட்டது.

நம் கல்பாக்கத்து உலைகளில் 1980களின் இறுதியில் கனநீர் புகும் குழாயமைப்புச் சிதைந்தது. கனநீரின் வழியை மாற்றி, ஆற்றலை 170 மெகாவாட்டாகக் குறைத்து இயக்கினர். 2000களில் புதுக்குழாய் பொருத்தி 220 ஆக உயர்த்தினர். இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கணக்கு, வரைபடம், கைந்நூல் யாவும் உடன் மாறுதல் வேண்டும்.

தென்காசி, குற்றாலத்தாராகிய நமக்கு இது சேய்மைச் செய்தியன்று. நமக்குத் தென்கீழ்த்திசையில் கூடங்குளத்து முதலுலை 2013இல் இயங்கத் தொடங்கிற்று. ஏட்டில் எழுத்துப் பிறழின் பொருள் கெடும்; ஆண்டோ உயிர்க்கே ஊறு நேரும்.