ஆறாயிரத்து நானூறு படமா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

மெமரி கார்டில் எத்தனை படம் பிடிக்கும் என்று நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக, இரண்டாம் முறை கையில் பேனாவோடு. கேமரா, லென்ஸ் சமாச்சாரமெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுவோம். என்னை உட்காரவிடாமல் செய்தது மூன்றாம் பக்கத்து அட்டவணை. 24 மெகாபிக்சல் ஜேபெக் என்றால் 64 ஜிபி கார்டில் 6,400 படங்கள் என்று போட்டிருக்கிறாய். ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை! அறுபத்துநாலாயிரம் எம்பியைப் பத்தால் வகுத்த விடை அது. கணக்கு வாத்தியார் முழு மார்க் போடுவார். கல்யாண மண்டபத்தில் அதை நம்பிப் போகிறவன் சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே மாட்டிக்கொள்வான்.

இத்தனைக்கும் இரண்டாம் பக்கத்தில் நீ செய்திருப்பது என்ன? ஒரே இடத்தில் நின்று, ஒரே செட்டிங்கில், வெள்ளையடித்த சுவரை ஒரு படம், எதிரே நின்ற வேப்பமரத்தை ஒரு படம் எடுத்து, இரண்டின் ஃபைல் அளவையும் அருகருகே வைத்துக் காட்டியிருக்கிறாய். சுவர் சின்னதாகக் கிடக்கிறது; மரம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அபாரம் தம்பி! ஜேபெக் என்ன வேலை செய்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. அந்த அரைப் பக்கத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டலாம். இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன் பக்கத்தைத் திருப்பியதும் ஒற்றை எண்ணை எழுதிவைத்தால் எனக்குக் கோபம் வராதா?

வழவழப்பான இடத்தை ஜேபெக் சுருட்டி மடக்கிவிடும். பொடிப்பொடியாக விவரம் இருக்கும் இடத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. முகூர்த்தப் பட்டின் ஜரிகை, மல்லிகைச் சரம், மேடைக்குப் பின்னால் சீரியல் லைட் எல்லாம் வேப்பமரக் கட்சி. சாயங்கால ரிசப்ஷனுக்கு ஐஎஸ்ஓவை ஏற்றினாயானால் படத்தில் விழும் பொரிப்பொரியையும் கேமரா விவரம் என்றே எடுத்துக்கொள்ளும். ஃபைல் இன்னும் ஊதும். ஒரு படம் 13, 14 எம்பி ஆகிவிட்டால் உன் 6,400 ஐயாயிரத்துக்கும் கீழே வந்துவிடும். ரா எடுக்கிறவனுக்கு வேறு கணக்கு. இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 14 பிட் என்றால் 42 எம்பி. விவரம் கெடாமல் சுருக்கினால் பல கேமராக்களில் முப்பதுக்குள் அடங்கும். கார்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் தேறும். ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி நின்றுவிடும்.

கேமராவே இந்த எண்ணை உறுதியாகச் சொல்வதில்லை, கவனித்திருப்பாய். ஒரு தடவை அழுத்தினால் மீதி எண்ணிக்கை அசையாது, அடுத்த தடவை இரண்டு குறையும். நிக்கானில் ஆயிரத்துக்கு மேல் போனால் 1.2கே என்று தோராயமாகத்தான் காட்டும். செய்தவனே தோராயம் என்கிறான், நமக்கு எதற்கு ஒற்றை இலக்கத் துல்லியம்? இன்னொன்று: கம்ப்யூட்டரில் போட்டால் 59.6 ஜிபி என்று காட்டுகிறது, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று புலம்பியிருக்கிறாய். அவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. பைட் அதே பைட்தான். அந்தப் பத்தியை எடுத்துவிடு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "256 ஜிபி ஒன்று போட்டுவிட்டால் முழுக் கல்யாணமும் அடங்கிவிடும், கார்டு மாற்றும் தொல்லையே இல்லை" என்று முடித்திருக்கிறாயே, அங்கேதான் பேனா காகிதத்தைக் கிழித்தது.

மாற்றுவது தொல்லையா? நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் யாஷிகா. 120 ரோலுக்கு 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கருப்பு வெள்ளை ரோல்கள் பையில் இருக்கும். கூறைப்புடவை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போனதும் முதலாளி என்னைத் திரும்பிப் பார்ப்பார். ரோலில் எத்தனை மிச்சம் இருந்தாலும் சரி, பெண் திரும்பி வந்து உட்காருவதற்குள் கேமராவில் புது ரோல் இருக்க வேண்டும். கெட்டிமேளம் முழங்கும்போது பதினொன்றாவது பிரேமில் நிற்பவன் போட்டோகிராபர் இல்லை என்பார். மிஞ்சிய மூன்று நாலு பிரேமை வீணாக்கவும் விடமாட்டார். தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டுவது, சமையல்கட்டில் சாதம் வடிப்பது, பந்தக்காலைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொடியன் என்று எடுத்துத் தீர்க்கச் சொல்வார். ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்ததெல்லாம் இந்த மிச்சப் படங்கள்தான். மாப்பிள்ளை பெண் படம் ஒன்றுகூட அங்கே ஏறியதில்லை.

பிறகு 35 எம்எம் வந்தது, 36 படம். அதில் 38 எடுப்பதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒரு கூட்டம் உண்டு. கடைசிப் படம் லேபிலிருந்து பாதி வெட்டுப்பட்டு வரும். அந்தப் பேராசைதான் இப்போது 256 ஜிபியாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கோடாக்கில் ஸ்டீவ் சாசன் 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தபோது படங்களை கேசட்டில்தான் பதிந்தார். ஒரு படம் ஏற 23 விநாடி. கேசட்டுக்கு 30 படம் என்று வைத்தார். அதற்குமேல் இடம் இல்லாமல் அல்ல. பிலிம் ரோல் 24 அல்லது 36 என்று பழகிய ஜனங்களுக்குப் புரியும்படி நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். இடம் இருப்பதாலேயே நிரப்ப வேண்டியதில்லை என்று அந்த இன்ஜினியருக்குத் தெரிந்திருக்கிறது!

பெரிய கார்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அனுபவஸ்தன் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. கார்டு ஒன்று செத்தால் கல்யாணமே செத்தது. ஃபைல் பெயரில் நாலு இலக்கம்தான். 9999 தாண்டினால் மறுபடி 0001. அழுத்திக்கொண்டே போகிறவனுக்கு ஒரே பெயரில் இரண்டு படம் வந்து, ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பத்தாயிரம் படத்தில் ஆல்பத்துக்கு முந்நூறு பொறுக்க எத்தனை ராத்திரி கண் விழிக்கிறாய் என்று உன் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே 32 அல்லது 64இல் நாலைந்து வாங்கு. கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டையும் கூட்டி 128 என்று எழுதாதே, இரண்டாவது நகலுக்கு. முகூர்த்தத்துக்கு முன் கார்டு பாதிதான் நிறைந்திருந்தாலும் மாற்று. காலிக் கார்டு சட்டைப்பையில், எடுத்த கார்டு பேன்ட் பையில். எந்த நாளும் இடம் மாறக்கூடாது. மண்டபத்தில் வைத்து எதையும் அழிக்காதே. வீட்டில் இரண்டு இடத்தில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்.

கட்டுரையின் அடுத்த பகுதி எழுதுவதாகப் போட்டிருக்கிறாய். அச்சுக்கு அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்