லாகரா, ஏலா?

கேள்வி: லாகர், ஏல் என்கிறார்களே, பீரில் அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: நிறத்தில் இல்லை, ஈஸ்ட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் முளைகட்டிய பார்லி (மால்ட்), தண்ணீர், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட்தான் அடிப்படை. ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நாட்களிலேயே நொதித்துப் பழவாசனை தரும். லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரி குளிர் வேண்டும். பிறகும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்க வேண்டும். அதன் தெளிந்த சுவை அந்தக் காத்திருப்பில் வருவது.

கன்னங்கரேலென்ற கின்னஸ்கூட ஏல் வகைதான். கருமை, வறுத்த பார்லி கொடுத்தது.

பொன்னிற லாகர் பிறந்த கதை தனி. பொஹீமியாவின் பில்சென் நகரில் 1838இல் கெட்டுப்போன பீரைப் பீப்பாய் பீப்பாயாக நகர மன்றத்தின் முன்பே கொட்டினார்கள். ஊரார் கூடிப் புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெப் குரோல் என்ற பீர் வடிப்பவரை வரவழைத்தார்கள். வெளிர் மால்ட், உள்ளூர் ஹாப்ஸ், உப்பு குறைந்த அவ்வூர்த் தண்ணீர்: 1842 அக்டோபரில் அவர் வடித்த பொன்னிற லாகர்தான் முதல் பில்ஸ்னர்.