மரத்தை வெட்டாமல் கார்பனை எடை போட முடியுமா?

கேள்வி: மேக்கரை பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் தேக்குத் தோப்பு இருக்கிறது. அதிலுள்ள கார்பனுக்குப் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் ஒப்பந்தத் தாளோடு வந்தார். மரத்தை வெட்டாமல் அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று நானே கணக்கிட முடியுமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: முடியும். கையெழுத்துப் போடும் முன் அவசியம் செய்யுங்கள். ஒரு நாடா, கொஞ்சம் பெயின்ட், ஒரு நோட்டு போதும்.

தரையிலிருந்து 1.37 மீட்டரில், அதாவது நெஞ்சு உயரத்தில், கோடு போட்டு அதன் மேலேயே சுற்றளவை எடுங்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும்.

வெட்டி எடை போடும் வேலையை ஏற்கெனவே மற்றவர்கள் செய்துவிட்டார்கள். வெப்பமண்டல நாடுகளில் 58 இடங்களில் வெட்டி எடை பார்த்த 4,004 மரங்களை வைத்து, ஜெரோம் ஷாவ் குழுவினர் 2014-இல் ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். விட்டம், உயரம், மரத்தின் அடர்த்தி மூன்றும் தெரிந்தால் எடை கிடைக்கும்.

94 செ.மீ. சுற்றளவும் 15 மீட்டர் உயரமும் உள்ள தேக்கை எடுத்துக்கொள்வோம். தேக்கின் அடர்த்தியை 0.55 என்று வைத்தால் உலர் எடை ஏறத்தாழ 400 கிலோ. வேருக்குக் கால் பங்கு கூட்டினால் 500. அதில் 47 சதவீதம், அதாவது 235 கிலோ, கார்பன். காற்றிலிருந்து மரம் இழுத்த கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 860 கிலோ.

இப்போது கவனியுங்கள். அதே மரத்தின் சுற்றளவு 3 செ.மீ. கூடினால், உயரம் மாறாவிட்டாலும், தரைக்கு மேல் சுமார் 25 கிலோ ஏறும். நாடா சற்றுத் தொய்ந்தாலோ, கோட்டுக்குக் கீழே பிடித்தாலோ அதே 3 செ.மீ. பொய்யாக வந்துவிடும். சாரலில் நனைந்த பட்டை ஊதியும் இருக்கும். அதனால் மாசியில் அளந்தால் மறு மாசியில்தான் அளக்க வேண்டும்; கோடும் அதேதான்.

எல்லா மரத்தையும் அளக்க வேண்டியதில்லை. 10 மீட்டர் கயிற்றைப் படுக்கைவாட்டில் பிடித்து வட்டம் போட்டால் ஏழே முக்கால் சென்ட் வரும். நெருக்கமான இடம், வெளிச்சமான இடம் என்று பார்க்காமல் தோப்பு முழுக்கப் பரவலாக எட்டு வட்டம் போடுங்கள். நெருக்கம் குறைக்க வெட்டிய மரங்களையும் நோட்டில் கழித்து எழுதுங்கள்.

மண்ணை மறக்காதீர்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி நம் காடுகளில் உள்ள 728 கோடி டன் கார்பனில் பாதிக்கு மேல் மண்ணில்தான் இருக்கிறது. கோடையில் தேக்குச் சருகைக் கொளுத்தாமல் மக்க விடுவதே அதற்கு நீங்கள் செய்யும் உதவி.

பணம் பற்றி: பொதுவாக, நிற்கும் மரத்துக்கு விலை இல்லை, திட்டத்தால் கூடுதலாகச் சேர்ந்து, சரிபார்க்கப்பட்ட கார்பனுக்கே விலை. எத்தனை வருடம் வெட்டக் கூடாது, அளக்கும் செலவு யாருடையது, தீப்பிடித்தால் என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: சாரல் மாதங்களில் குற்றால மலையே மேகத்தில் மறைந்துவிடுகிறது. செயற்கைக்கோள் அந்தக் காட்டை எப்படி அளக்கும்?
- வாசகி, இலஞ்சி

பதில்: கேமராவால் முடியாது, ரேடாரால் முடியும். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இஸ்ரோ-நாசா கூட்டுச் செயற்கைக்கோள் நிசார் அந்த வகை. அதன் அலைகள் மேகத்தைக் கடந்து, இலைகளுக்குள் புகுந்து, கிளைகளில் பட்டுத் திரும்பும். ஆனால் திரும்பி வருவது எதிரொலி, கிலோ அல்ல. இந்த எதிரொலிக்கு இத்தனை டன் என்று சொல்ல, கீழே யாராவது மரத்தைக் கட்டிப்பிடித்து நாடா போட்டிருக்க வேண்டும். மேக்கரைத் தோப்பில் பெயின்ட் கோட்டின் மேல் எடுக்கும் அளவும், வானத்துக் கணக்கைச் சரிபார்க்கும் அளவும் ஒரே வகைதான்.