மலை வழியில் வெப்பமானி

2023ஆம் ஆண்டு அக்டோபர் விடுமுறையில் நம் சங்கத்து நண்பர்கள் ஆறு பேர் கார்வால் மலைப் பகுதியிலுள்ள துங்கநாதத்திற்குச் சென்றோம். ஊக்கிமடம் வரை பேருந்து, அங்கிருந்து சோப்தா வரை ஜீப், அதற்குமேல் நடை. சோப்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரம். துங்கநாதர் கோயில் 3,680 மீட்டர். கோயிலுக்கும் மேலே சந்திரசிலை என்னும் முடி 4,000 மீட்டரை எட்டி நிற்கிறது.

என் முதுகுப் பையின் ஜிப்பில் ஒரு சிறு வட்ட வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது. எடை பத்துக் கிராம்கூட இராது. நண்பகலில் சோப்தாத் தேநீர்க் கடை வாசலில், பையை வெயிலில் சாய்த்துவிட்டு நாங்கள் தேநீர் அருந்தியபோது, அதன் முள் 21இல் நின்றது. எங்களுள் இளையவன், மதுரையிலிருந்து வந்து மூன்றே மாதம் ஆன முதலாண்டு மாணவன், என்னைப் பார்த்துக் கேட்டான்:

“அண்ணா, இந்தக் கம்பளிக் கோட்டு ரொம்பக் கனமா இருக்கு. கொண்டு வரணுமா?”

“இருபத்தொரு டிகிரி இருக்கு, தம்பி. மார்கழி விடியற்காலையிலே நம்ம ஊர்லே இருக்கிற குளிர்தான். கடையிலேயே வச்சுட்டு வா.”

கடைக்காரர் தலையை ஆட்டினார். மூன்று மணிக்குமேல் மேலே காற்று எழும் என்று இந்தியில் ஏதோ சொன்னார். என் கையில் கருவி இருந்தது. அவர் பேச்சு என் காதில் ஏறவில்லை.

நாங்கள் சந்திரசிலையை அடைந்தபோது மணி நாலரை. மேகம் மூடிவிட்டது. காற்று ஆளைத் தள்ளியது. வெப்பமானி இப்போது 4 என்றது. ஏறி வந்த களைப்பில் தம்பியின் பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முதலில் நடுங்கினான். பிறகு சட்டைப் பொத்தானைப் போட முயன்றான், விரல்கள் இணங்கவில்லை. “கீழே போகலாமா?” என்று கேட்டதற்கு அவன் சொன்ன விடை விளங்கவில்லை, நாக்குக் குழறியது. இருவர் தோள் கொடுத்து அவனைக் கோயில்வரை இறக்கி, காற்றுப் படாத சுவரோரம் உட்கார வைத்து, ஈரச் சட்டையைக் களைந்து, என் கம்பளிச் சட்டையையும் இன்னொருவர் போர்வையையும் போர்த்தினோம். சர்க்கரை மிகுதியாகப் போட்ட தேநீர் இரண்டு குவளை உள்ளே சென்ற பிறகே அவன் பேச்சுத் தெளிந்தது. கைவிளக்கின் ஒளியில் சோப்தா வந்து சேர்ந்தோம். கடைக்காரர் கோட்டை எடுத்துக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இயற்பியலில் முதுகலை படிக்கிறவன் நான். வெப்பமானியின் பிழைகளைப் பற்றி ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவன். அந்த ஏட்டை மலைக்குக் கொண்டு செல்லாததால் நேர்ந்தது இது. ஆதலால் இந்தச் சிறு கருவியைப் பற்றி நம் அன்பர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

வெப்பமானி காட்டுவது எதன் வெப்பநிலையை? காற்றினுடையதை என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது காட்டுவது தன்னுடைய வெப்பநிலையை மட்டுமே. காற்றும் கருவியும் ஒரே நிலைக்கு வந்திருந்தால்தான் அதன் சொல் காற்றுக்கும் பொருந்தும். வெயிலில் வைத்தால் சூரியக் கதிர்கள் நேரே அதன்மேல் விழுந்து சூடேற்றுகின்றன. சுற்றியுள்ள காற்றோ அக்கதிர்களால் நேராக அவ்வளவு சூடேறுவதில்லை. மலையில் காற்று மெல்லியது, தூசி குறைவு, எனவே வெயில் கடுமை, காற்றுக் குளிர்ச்சி. கறுப்புப் பை வேறு அடுப்புக்கல் போலக் காய்ந்திருக்கும். நான் படித்த 21 டிகிரி என் பையின் வெப்பம். சோப்தாவின் வெப்பம் அன்று.

வானிலை நிலையங்களில் வெள்ளை வண்ணம் பூசிய, பலகணி போலச் சாய்ந்த சட்டங்கள் வைத்த மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அதை அமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதிய ஆசிரியரின் தந்தை. கதிர் உள்ளே புகக்கூடாது, காற்றுமட்டும் புக வேண்டும் என்பதே அப்பெட்டியின் நோக்கம். பெட்டியை நாம் முதுகில் சுமக்க முடியாது. ஆனால் அரை மீட்டர் நூலைச் சுமக்கலாம். வெப்பமானியைப் பையிலிருந்து கழற்றி நூலில் கட்டுங்கள். மர நிழலிலோ, நிழல் இல்லையேல் நம் உடல் நிழலிலோ, தலைக்குமேல் வட்டமாகச் சுழற்றுங்கள். அருகில் யாரும் நிற்கக் கூடாது. சுழலும்போது புதுக்காற்று இடைவிடாமல் மோதுவதால் கருவி இரண்டொரு நிமிடத்தில் காற்றின் நிலைக்கு வந்துவிடும். மறுபடி ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். எண் மாறாதிருந்தால் அதுதான் விடை. சுழற்ற மனமில்லாதவர் நிழலில் நெஞ்சுயரக் கிளையில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கலாம்.

இனி, எடையில்லாமல் எடுத்துச் செல்லத்தக்க கருவிகளைப் பார்ப்போம். ஜிப்பில் தொங்கும் வட்ட வெப்பமானிக்குள் இருப்பது இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருளாக்கிய ஒரு நாடா. ஒரு மீட்டர்ப் பித்தளை, ஒரு டிகிரி சூட்டில் ஏறக்குறைய 0.019 மில்லிமீட்டர் நீள்கிறது, எஃகு 0.012 மில்லிமீட்டர்தான் நீள்கிறது. ஒன்று மிகுதியாக நீண்டால் நாடா வளையாமல் என் செய்யும்? அந்த வளைவே முள்ளைத் திருப்புகிறது. இரும்பும் நிக்கலும் கலந்த இன்வார் என்னும் உலோகம் பித்தளையில் பத்தில் ஒரு பங்குகூட நீள்வதில்லை. அதைச் சேர்த்தால் வளைவு இன்னும் நன்றாகத் தெரியும். இன்வாரைக் கண்டறிந்த கியோமுக்கு 1920இல் நோபெல் பரிசு கிடைத்தது. மின்கலம் வேண்டாம், உடையாது, விலை மலிவு. ஆனால் இரண்டு மூன்று டிகிரி பொய் சொல்லும்.

கண்ணாடிக் குழாயில் சிவப்பு நீர்மம் ஏறும் வெப்பமானி அதைவிட நம்பத்தக்கது. பையில் குலுங்கினால் நீர்மத் தம்பம் இடையே அறுந்து போகும். பார்க்காமல் படித்தால் பிழை. பாதரசக் கருவி வேண்டவே வேண்டாம். உடைந்தால் நஞ்சு, உறைந்த பாதரசத்தை யாரும் இமயத்தில் தேடிப் போகவில்லை என்றாலும், அது 39 டிகிரிக் குளிரில் கல்லாகிவிடும் என்பதையும் அறிக.

எண் காட்டும் மின்வெப்பமானியில் உலோக ஆக்சைடுகளாலான கடுகளவு மணி ஒன்று இருக்கும். தெர்மிஸ்டர் என்பார்கள். சூடேற ஏற அதன் மின்தடை குறைகிறது. இருபது முப்பது கிராம் எடைதான். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையை நினைவில் வைத்துக் காலையில் காட்டும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அடுத்த முறை எத்தகைய தூங்குபை வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கடுங்குளிரில் எண்கள் மங்கும், மின்கலம் தளரும், அவ்வளவே.

கைக்கடிகாரத்திலுள்ள வெப்பமானி நம் மணிக்கட்டோடு உறவாடுவது. தோலின் வெப்பம் முப்பதுக்கு மேல், காற்று ஐந்து, கடிகாரம் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். கழற்றி இருபது முப்பது நிமிடம் தொங்கவிட்டால்தான் உண்மை பேசும். கைபேசியோ, பெரும்பாலும் தன் மின்கலத்தின் சூட்டையே அறியும். அதில் தெரியும் ‘இப்போதைய வெப்பநிலை’ கணிப்பில் வந்த எண். அது அடிவாரத்து ஊருக்கு உரியதாக இருக்கலாம். அப்போது ஒரு கணக்குப் போடுங்கள்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 1,300 மீட்டர் உயரத்து ஊக்கிமடத்திற்கு 18 என்றால், 2,700 மீட்டர் மேலேயுள்ள சந்திரசிலையில் ஏறக்குறைய சுழியம்தான். இக்கணக்குக்கு எடையே கிடையாது. இதை நான் அன்று காலையில் போட்டிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இல்லை.

சுவர்க்கோழியின் ஒலியை எண்ணி வெப்பநிலை கணிக்கலாம் என்று 1897இல் டால்பேர் என்னும் அமெரிக்க இயற்பியலார் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அது அந்நாட்டுப் பூச்சிக்கு. தவிரவும், நமக்கு வெப்பமானி மிகவும் தேவைப்படும் குளிரில் பூச்சி பாடுவதில்லை!

கருவியைச் சரிபார்ப்பது எளிது. ஒரு குவளை நிறையப் பொடித்த பனிக்கட்டி போட்டுக் கொஞ்சம் நீர் ஊற்றிக் கலக்குங்கள். வெப்பமானியை மெல்லிய பாலித்தீன் பையிலிட்டுக் காற்றைப் பிதுக்கி அதில் அமிழ்த்துங்கள். பத்து நிமிடத்தில் சுழியம் காட்ட வேண்டும். டில்லியானாலும் இமயமானாலும் பனி உருகும் நிலை ஒன்றே. ஊர் திரும்பி, விடுதி அறையில் என் கருவியை இவ்வாறு சோதித்தேன். அது 2 காட்டியது. ஆக, மேகமும் காற்றும் சூழ்ந்த சந்திரசிலையில் அது காட்டிய 4, மெய்யாக 2. காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வீசினால், 2 டிகிரி நம் தோலுக்கு −4 போலத் தோன்றும். இனி, 1,300 மீட்டர் கீழே சோப்தாவில் எவ்வளவு இருந்திருக்கும்? இடையில் சென்ற நேரத்தையும் வந்த மேகத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பத்து, பதினொன்று. நான் படித்தது 21. இரண்டு டிகிரி கருவியின் குற்றம். எட்டு டிகிரி என் குற்றம்.

கொதிநீரைக் கொண்டு மட்டும் மலையில் சோதிக்காதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் சோப்தாவில் 91 டிகிரியிலும் சந்திரசிலையில் 87 டிகிரியிலுமே நீர் கொதித்துவிடும். அங்கே துவரம் பருப்பு வேகாமல் அடம் பிடிப்பது இதனால்தான். ஆனால் இக்குறையையே கருவியாக்கிக்கொண்டவர்கள் உண்டு. குமாவூன் மலையில் மிலம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த நைன் சிங் ராவத், அந்நியர் நுழைய இயலாத திபெத்தில் யாத்திரிகர் வேடத்தில் நடந்து, 1866 சனவரியில் லாசாவை அடைந்தார். நூற்றெட்டு மணிக்குப் பதில் நூறு மணி கோத்த செபமாலையில் நூறு அடிக்கு ஒரு மணி தள்ளித் தூரத்தை அளந்தார். வெப்பமானியைக் கைத்தடிக்குள் ஒளித்து வைத்திருந்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையைப் பார்த்து லாசாவின் உயரத்தைக் கணித்தார். 1877இல் லண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பை நிறையப் பொருள்களோடு ஏறும் நாம் அந்தக் கைத்தடியை நினைத்துக்கொள்ளலாம்.

இரவு தங்குவோருக்கு ஒரு சொல். தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானுக்கு இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்று 2 அல்லது 3 டிகிரியில் இருக்கும்போதே புல்லில் உறைபனி படிவது அதனால். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே ஓடைக்கரைப் பள்ளத்தைவிடச் சற்று மேட்டில் கூடாரம் அடிப்பது நன்று. உயரத்துக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கு இத்தகைய இரவுகளில் பொய்த்துப் போகும்.

கடைசியாக, ஆளின் வெப்பநிலை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. பழைய கண்ணாடிக் காய்ச்சல் வெப்பமானியின் அளவே 35இல்தான் தொடங்கும். குளிரில் தளர்ந்தவனுக்கு அதனால் பயனில்லை. நடுக்கம், விரல் தடுமாற்றம், நாக்குழறல், கால் இடறல், இவற்றைக் கண்டால் கருவியைத் தேடாமல் காற்றுக்கு மறைவிடம் தேடுங்கள். ஈர ஆடையை முதலில் களையுங்கள்; ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் உடலிலிருந்து போகிறது. நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடுபானம் கொடுங்கள். கைகாலை அழுத்தித் தேய்ப்பதும் மது கொடுப்பதும் கூடா. நடுக்கம் நின்றும் தெளிவு வராவிட்டால், அது குணமன்று; நிலைமை முற்றுகிறது என்று பொருள். உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

என் வெப்பமானியின் முதுகில் ‘2 கழிக்க’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இவ்விடுமுறையில் மலைக்குச் செல்லும் அன்பர்கள் புறப்படுமுன் தங்கள் கருவிகளோடு என் அறைக்கு வரலாம். உணவு விடுதியில் பனிக்கட்டி கேட்டு வைத்திருக்கிறேன். தம்பி இம்முறையும் வருகிறான். கோட்டை அவனே எடுத்து வைத்துவிட்டான், என்னைக் கேட்கவில்லை.