உறக்கத்திற்கு ஒரு துணை

மலாய்க்காரர்கள் அதனைப் 'பந்தால் பூசோக்' என்பர். நாற்றமடிக்கும் தலையணை என்பது அதன் பொருள். உறை கிழிந்து, பஞ்சு கட்டி தட்டி, எச்சிலும் வியர்வையும் ஊறிப்போன சின்னஞ்சிறு தலையணை அது. சில வீடுகளில் அஃது ஒற்றைக் காதுள்ள துணிப்பொம்மையாக இருக்கும். சில வீடுகளில் அம்மாவின் பழைய கைலியாக இருக்கும். எதுவாக இருந்தாலும், அது கைக்குள் வந்தால்தான் அந்த வீட்டுக் குழந்தை கண்ணயரும்.

இப்பழக்கத்தைப் பல பெற்றோர்கள் விரும்புவதில்லை. அழுக்கு என்றும் அடம் என்றும் கருதி, குழந்தை அறியாமல் குப்பையில் போட்டுவிடுவோரும் உள்ளனர். அன்றிரவு வீட்டில் எவரும் உறங்க மாட்டார்கள். புதிதாக வாங்கிக் கொடுத்த அழகிய பொம்மையைக் குழந்தை தூக்கி எறியும். பழையதையே கேட்டு அழும். இதனை அடம் என்று சொல்லிக் கடந்துவிடுவது குழந்தையைப் புரிந்துகொள்ளாமையே ஆகும்.

பெரியவர்களுக்கு உறக்கம் ஓய்வு. குழந்தைக்கோ அது பிரிவு. ஏறக்குறைய எட்டு மாதத்திற்குப் பிறகு, தாய் கண்ணில் படாவிட்டால் குழந்தை கலங்கத் தொடங்குகிறது. விளக்கு அணைகிறது, தாயின் முகம் மறைகிறது. அந்நேரத்தில் அவளை நினைவூட்டும் ஒரு பொருள் தேவைப்படுகிறது. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டோனல்ட் வின்னிகாட் 1951ஆம் ஆண்டில் இதனை 'இடைநிலைப் பொருள்' என விளக்கினார். தாயோடு ஒன்றியிருக்கும் நிலைக்கும் தனித்து இயங்கும் நிலைக்கும் இடையே அது குழந்தைக்குப் பாலமாகிறது. அதனைத் துவைத்தால் குழந்தையின் அனுபவத் தொடர்ச்சி அறுபடும் என்பதைத் தாய் அறிந்திருப்பதால்தான், அது அழுக்கேறி நாறினாலும் அவள் விட்டுவைக்கிறாள் என்றும் அவர் குறிப்பிட்டார்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்னும் உளவியல் அறிஞர் குரங்குக் குட்டிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். கம்பியால் ஆன ஒரு 'தாய்', மென்துணி போர்த்திய ஒரு 'தாய்' என இரண்டு உருவங்கள் வைக்கப்பட்டன. பால் கம்பித் தாயிடம் கிடைத்தபோதும், குட்டிகள் பெரும்பொழுதைத் துணித்தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன. 1958இல் வெளிவந்த அம்முடிவு, பசி தீர்ப்பது மட்டுமே பாசத்தை வளர்க்கிறது என்னும் எண்ணத்தை அசைத்தது. தாயைப் பிரிந்த அக்குட்டிகள் பட்ட பாடு வேறு கதை.

2008ஆம் ஆண்டில் புரூஸ் ஹூட், பால் புளூம் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. எந்தப் பொருளையும் அச்சு அசலாக இரட்டிப்பாக்கும் பெட்டி என்று ஒன்றைக் காட்டிச் சிறுவர்களை நம்ப வைத்தனர். மற்றப் பொம்மைகளின் நகலைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட சிறுவர்கள், தாங்கள் கட்டிப்பிடித்து உறங்கும் பொம்மை என்றதும் பழையதையே கேட்டனர். சிலர் அதனைப் பெட்டிக்குள் வைக்கவே ஒப்பவில்லை!

எல்லாச் சமூகங்களிலும் இப்பழக்கம் ஒரே அளவில் இருப்பதில்லை. 1976இல் கொரியக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு, கொரியாவில் இது குறைவு எனக் கண்டது. தாயின் அருகிலேயே படுத்துறங்கும் குழந்தைக்குத் தாய்க்கு மாற்றான பொருள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

மலாக்காவின் தோட்ட வாழ்க்கையிலும் இதனைக் காணலாம். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டது முதல் இம்மாநிலத்தில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், உறக்கம் கலையாத குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே ஏணையாகத் தொங்கியது பழைய புடவையோ கைலியோதான். அம்மா உடுத்திய துணியின் வாசம் குழந்தையைச் சுற்றியிருந்தது. பொம்மை வாங்க வசதியில்லாத காலத்தில் அந்தத் துணியே துணையாயிற்று.

இன்று குருபோங் வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்டன. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் குழந்தை பராமரிப்பு மையத்தில் பகலைக் கழிக்கிறது. அங்கே முதன்முதலாக விடும்போது, குழந்தையின் தலையணையையோ பொம்மையையோ உடன் கொடுத்தனுப்பலாம். புதிய இடத்தில் நண்பகல் உறக்கம் வர அது பெரிதும் உதவும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்துள்ளது. பகலுறக்கம் கெட்டால் மாலையில் வீடு திரும்பும் குழந்தை எதற்கெடுத்தாலும் சிணுங்கும்.

ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தையின் படுக்கையில் பொம்மை, தலையணை, தளர்ந்த போர்வை எதனையும் வைக்கக்கூடாது. முகத்தில் கவிழ்ந்த துணியை விலக்க அக்குழந்தைக்குத் தெரியாது, மூச்சு அடைபடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துமாறு வலியுறுத்துகிறது. ஏணையிலிட்டுத் தாலாட்டியே பல பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார்களுக்கு இஃது ஏற்கக் கடினமான அறிவுரைதான். எனினும், உயிர் தொடர்பானது என்பதால் வீட்டார் அதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வயதுக்குப் பிறகு கொடுக்கும் பொம்மை சிறியதாகவும் துவைக்கக்கூடியதாகவும் இருப்பது நல்லது. பொத்தான் கண்களும் நீண்ட கயிறும் வேண்டா. பிய்த்து விழுங்கினாலோ கழுத்தில் சுற்றினாலோ ஆபத்து. கொடுப்பதற்கு முன் சில நாள்கள் தாய் தன் அருகில் வைத்துறங்கினால் அவளுடைய வாசம் அதில் ஏறும். தொடக்கத்திலேயே ஒரே மாதிரி இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது கைகொடுக்கும். பழகியபின் வாங்கும் இரண்டாவது பொம்மையைக் குழந்தை எளிதில் ஏற்பதில்லை. அண்ணனும் அக்காளும் விளையாட்டுக்காகக்கூட அதனை ஒளித்து வைக்கக்கூடாது.

இப்பழக்கம் எப்போது நிற்கும் என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். பள்ளிக்குச் செல்லும் வயதில், நண்பர்களும் விளையாட்டும் மனத்தை நிறைக்கும்போது, பெரும்பாலும் அது தானாகவே தளர்ந்துவிடும். குழந்தை அதனை மறப்பதுமில்லை, அதற்காக அழுவதுமில்லை என்றார் வின்னிகாட். வீட்டார் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், அலமாரியின் மேல்தட்டில் அது கிடக்கும்.