ஜீப்புக்கு கிராஸ் வாங்க கடன் கேட்டால்...



கறவை மாடு வாங்க ஓர் உறுப்பினர் கடன் கேட்டால் நாம் சும்மா விடுவதில்லை. எத்தனையாவது ஈத்து, எத்தனை லிட்டர் கறக்கும், பல் எத்தனை என்று பத்துக் கேள்வி கேட்போம். நேரில் போய் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தீர்மானம் எழுதுவோம். ஆனால் "ஜீப்புல கிராஸ் போயிருச்சு, கடன் வேணும்" என்று கேட்டால் என்ன செய்கிறோம்? "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி, கேள்வியே இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

எங்கள் குழுவிலும் அப்படித்தான் நடந்தது. ஓர் உறுப்பினரின் வீட்டுக்காரர் பழைய ஜீப் வைத்திருக்கிறார். போடி மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு தினமும் ஆள் ஏற்றிப் போகிறவர். அந்த உறுப்பினர் கிராஸ் மாற்ற உள்கடன் கேட்டார், கொடுத்தோம். மூன்று மாதம் கூட ஆகவில்லை. அதே கிராஸுக்காக மறுபடியும் கடன் கேட்டு வந்து நின்றார்.

"ஏன்க்கா, போன தடவை மாத்தினது என்னாச்சு?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அப்போதுதான் அந்த அக்கா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"மெட்டு ஏறும்போது டமார்னு ஒரு சத்தம். வண்டி அப்படியே பின்னாடி வர ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு ஹேண்ட் பிரேக்கை இழுத்தா அது பிடிக்கவே இல்ல. கால் பிரேக்கை அமுக்கிக்கிட்டே கத்துனாரு. பின்னாடி இருந்த பிள்ளைக குதிச்சு, கல்லைத் தூக்கி சக்கரத்துல போட்டாங்க. சாமி புண்ணியம், யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அந்த வண்டியில் இருந்தது நம் ஊர்ப் பெண்கள்தான். போடி, தேவாரம், கம்பம் பக்கத்தில் விடிகாலையில் ஜீப் ஏறுவது நாமும் நம் பிள்ளைகளும்தானே? அதனால் இது ஆம்பளை சமாச்சாரம் மட்டும் இல்லை. கடன் கொடுப்பதும் நாம், அந்த வண்டியில் உட்கார்ந்து போவதும் நாம். ஆகவே இந்த மாதப் பயிற்சிப் பக்கத்தில் கிராஸ் என்றால் என்ன, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று படிப்போம்.

கிராஸ் என்றால் என்ன?

ஜீப்பில் இன்ஜினும் கியர் பாக்ஸும் முன்னால் இருக்கின்றன. பின் சக்கரங்களைச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றும் சக்தியைக் கொண்டுபோவது வண்டிக்கு அடியில் நீளமாக இருக்கும் இரும்புக் குழாய். அதற்குப் பெயர் புரொப்பல்லர் ஷாப்ட். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன்பக்கமும் ஒரு ஷாப்ட் இருக்கும்.

பள்ளம் மேடு வரும்போது பட்டை அமுங்கி பின் சக்கரங்கள் மேலும் கீழும் ஆடும். கியர் பாக்ஸ் ஆடாது. இரண்டையும் நேராக இணைத்தால் ஷாப்ட் முறிந்துவிடும். அதனால் ஷாப்டின் இரண்டு முனையிலும் மடங்குகிற மூட்டு வைத்திருக்கிறார்கள். நம் முழங்கை, மணிக்கட்டு மாதிரி. கவட்டை போன்ற இரண்டு இரும்புகள் எதிர் எதிராக நிற்கும். அவற்றை யோக் என்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கூட்டல் குறி வடிவத்தில் உள்ள ஓர் இரும்புத் துண்டு. அதுதான் கிராஸ்.

கிராஸுக்கு நான்கு கால். ஒவ்வொரு காலுக்கும் ஒரு தொப்பி மாதிரி கப் உண்டு. கப்புக்குள் தையல் ஊசி போல மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இதை ஊசி பேரிங் என்பார்கள். கப் வெளியே வராமல் இருக்க 'லாக்' என்கிற கம்பி வளையம் பிடித்திருக்கும்.

இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த மூட்டைப் பற்றி எழுதினார். 1903இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதைச் செய்து காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பல கார்கள் சைக்கிள் போல செயினில்தான் ஓடின. நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி 1947இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. நம் மலைப்பாதைகளில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவும் அந்த வழியில் வந்தவை.

ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

இதை எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கார்களில் ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் அப்படி இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கும். அது ஷாப்டைப் பிடிக்கும், ஷாப்ட் சக்கரத்தைப் பிடிக்கும். நடுவில் கிராஸ் உடைந்தால் ஹேண்ட் பிரேக் இழுத்தும் பயன் இல்லை. கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. இறக்கத்தில் சின்ன கியர் வண்டியை இழுத்துப் பிடிக்குமே, அதுவும் போய்விடும். மிஞ்சுவது கால் பிரேக் மட்டும்தான்.

முன் முனையில் உள்ள கிராஸ் உடைந்தால் இன்னும் ஆபத்து. ஷாப்டின் முனை ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிவிடலாம். கையளவு சாமான்தான், ஆனால் வண்டியில் இருக்கும் அத்தனை உயிரும் அதை நம்பித்தான் போகிறது.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிராஸ் பெரும்பாலும் திடீரென்று உடைவதில்லை. முன்கூட்டியே சொல்லும். வண்டியில் போகும் நாமும் கேட்கலாம்.

1. வண்டி கிளம்பும்போதும், ரிவர்ஸ் போடும்போதும் அடியில் 'டொக்' என்று அடிக்கும்.
2. மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று தாளம் போட்டமாதிரி சத்தம் வரும். கிரீஸ் வற்றி ஊசிகள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம்.
3. வேகம் கூடும்போது தரை அதிரும்.
4. கப்பின் ஓரத்தில் துரு நிறத்தில் செம்பொடி ஒட்டியிருக்கும்.

சோதிக்க வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஷாப்டைக் கையால் பிடித்து முறுக்கியும், மேலும் கீழும் தூக்கியும் பார்க்க வேண்டும். கிராஸும் யோக்கும் சேர்ந்தே அசைய வேண்டும். நடுவில் கொஞ்சம் 'லொடக்' என்றாலும் மாற்ற வேண்டியதுதான்.

பெயர் சொல்லி வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள்

எங்கள் உறுப்பினர் வீட்டில் நடந்த தவறு இங்கேதான். கடையில் போய் "ஜீப் கிராஸ் ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். இருப்பதில் விலை குறைந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு மில்லிமீட்டர் நீளம் குறைவு. மாட்டியவர் இடைவெளிக்குத் தகடு வெட்டி வைத்து லாக் போட்டுவிட்டார். ஓட ஓட தகடு தேய்ந்து, லாக் கழன்று, கப் வெளியே வந்துவிட்டது.

20, 30 வருடம் ஓடிய ஜீப்பில் ஷாப்டோ கியர் பாக்ஸோ ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள். ஆகவே வண்டியின் பெயரை மட்டும் நம்ப முடியாது. முன் ஷாப்டுக்கும் பின் ஷாப்டுக்கும் கூட அளவு வேறாக இருக்கலாம். பழைய கிராஸைக் கழற்றி, துடைத்து, கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வெர்னியர் என்கிற அளவுகோலால் கடைக்காரரை நம் முன்னாலேயே அளக்கச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று:

கப்பின் குறுக்களவு.
ஒரு கப்பின் வெளி விளிம்பிலிருந்து எதிர்க் கப்பின் வெளி விளிம்பு வரை நீளம்.
லாக் கப்புக்கு வெளிப்பக்கம் மாட்டுவதா, உள்பக்கம் மாட்டுவதா என்பது.

மூன்றும் ஏன் வேண்டும்? ஸ்பைசர் அளவு வரிசையைப் பாருங்கள். 1310 என்ற எண்ணுக்கு கப் 27 மில்லிமீட்டர், நீளம் சுமார் 82. 1330க்கு கப் அதே 27தான், ஆனால் நீளம் 92. 1350க்கு நீளம் அதே 92, ஆனால் கப் 30. கப்பை மட்டும் அளந்தால் முதல் இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீளத்தை மட்டும் அளந்தால் கடைசி இரண்டும் ஒன்றாகத் தெரியும். இது ஓர் உதாரணம்தான். உங்கள் வண்டியில் என்ன அளவு என்பதை உங்கள் பழைய கிராஸ்தான் சொல்லும்.

கிரீஸ் போடுவதா, போடாததா?

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் கிரீஸ் அடிக்க சின்ன மூக்கு இருக்கும். அதை நிப்பிள் என்பார்கள். மற்றது கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து மூடியது.

மூடிய வகையில் துளை இல்லாததால் கால்கள் கொஞ்சம் உறுதி. ஆனால் ஒரு தடவை உள்ளே தண்ணீரோ சேறோ போய்விட்டால் வெளியே எடுக்க வழி இல்லை. நிப்பிள் வகையில் புதுக் கிரீஸ் அடித்தால் அழுக்குக் கிரீஸும் தண்ணீரும் வெளியேறும். ஓடையும் சேறும் கடக்கும் மலை வண்டிக்கு நிப்பிள் வகைதான் வசதி. ஆனால் ஒரு நிபந்தனை. கிரீஸ் அடிக்க ஆள் வேண்டும். அடிக்கவே மாட்டார்கள் என்றால் மூடிய வகையே மேல்.

கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், அந்தக் கால் காய்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு தள்ளிப்போடாமல் அடிக்க வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க

நல்ல கிராஸ் வாங்கியும் மாட்டுவதில் கெட்டுப்போவது உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

கழற்றும் முன்பே ஷாப்டிலும் இரண்டு பக்கத்திலும் பெயிண்டால் கோடு போட வேண்டும். கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். ஒரு முனையில் வரும் ஏற்ற இறக்கத்தை மறு முனை சரிக்கட்டும். அதற்கு ஷாப்டின் இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். மாறி மாட்டினால் வண்டி அதிரும், புதுக் கிராஸும் சீக்கிரம் போகும்.

கப்பைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது. உள்ளே ஓர் ஊசி சாய்ந்து விழுந்தாலும் கப் முழுசாக இறங்காது, லாக் உட்காராது. வைஸில் வைத்து மெதுவாக அமுக்குவதே நல்லது.

யோக்கின் துளை தேய்ந்து கப் தளதளவென்று ஆடினால் யோக்கையும் மாற்ற வேண்டும். தகடு வைப்பது, பற்றவைப்பது எல்லாம் வேண்டாம்.

மாட்டி முடித்ததும் மூட்டைக் கையால் நாலா பக்கமும் அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் இறுகினால் கழற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கிராஸ் போனால் அதே ஷாப்டின் மறு முனையையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் ஒரே கழற்றலில் இரண்டையும் மாற்றினால் கூலி மிச்சம்.

இவ்வளவும் செய்த பிறகு அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் எந்தக் கிராஸும் தாங்காது. வண்டி உயரத்துக்காகப் பட்டை கூட்டினாலும் ஷாப்டின் சாய்வு அதிகமாகி கிராஸ் சீக்கிரம் தேயும்.

ஒரு கணக்கு

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மலிவுக் கிராஸ் 450 ரூபாய், நல்லது 900. மாட்டும் கூலி 600. வண்டி ஒரு நாள் நின்றால் நஷ்டம் 1,500.

நல்லதை ஒரு தடவை மாட்டினால் 900 + 600 + 1,500 = 3,000 ரூபாய்.
மலிவானதை இரண்டு தடவை மாட்டினால் 2,550 + 2,550 = 5,100 ரூபாய்.

450 மிச்சம் பிடிக்கப் போய் 2,100 கூடுதல் செலவு. கடனுக்கு வட்டி தனி. உயிருக்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கு எழுத முடியாது.

எங்கள் குழு என்ன செய்தது?

இரண்டாவது கடனையும் கொடுத்தோம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் மூன்று நிபந்தனை எழுதினோம். பழைய கிராஸையும் புதியதையும் கூட்டத்தில் காட்ட வேண்டும். பில் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கிரீஸ் அடித்து, தேதி எழுதி வைக்க வேண்டும். குழுவின் பொதுப் பணத்தில் ஒரு கிரீஸ் கன்னும் வாங்கினோம். உறுப்பினர் வீட்டு வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது பொது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா பழைய கிராஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். காலில் ஊசிகள் பதிந்து கோடு கோடாகத் தடம் விழுந்திருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. எல்லோரும் கைமாற்றி வாங்கிப் பார்த்தோம். "இத்தனூண்டு சாமானா நம்மளக் கவுக்கப் பார்த்துச்சு?" என்றார் ஒரு பாட்டி.

உங்கள் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் உறுப்பினர்கள் வேலைக்குப் போகும் ஜீப்பில் கிளம்பும்போது 'டொக்' சத்தம் கேட்கிறதா? டிரைவரிடம் யார் சொல்வது?
2. வண்டிச் சாமானுக்குக் கடன் கேட்டால் நாம் என்னென்ன கேட்க வேண்டும்?
3. கடைக்குப் போகும்போது அளக்க வேண்டிய மூன்று அளவுகள் எவை? புத்தகம் பார்க்காமல் சொல்லுங்கள்.
4. உங்கள் ஊர் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறதா, ஷாப்டைப் பிடிக்கிறதா? கேட்டு வந்து சொல்லுங்கள்.

மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்த நமக்கு, கிராஸுக்கு அளவு பார்ப்பது பெரிய வித்தை இல்லை, சகோதரிகளே!